மெக்சிக்கோவுக்கு நாங்கள் அனுப்பிய கடிதம்

1.

குணம் அண்ணை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். பரிஸ் லாச்சப்பலில் மரக்கறிக் கடைக் கண்ணாடியில் ஒட்டி, என் மகனின் படத்தையும் போட்டுச் சொல்கிறீர்கள்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு விளக்கம் தேவை. குணம் அண்ணை எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்தின் பிரான்ஸ் கிளைத் தலைவர். பதினொரு வருடமாக அவர்தான் தலைவர். ஒவ்வொரு வருடமும் விலகப் போகிறேன் என்பார். ஒவ்வொரு வருடமும் வேறு ஆள் இல்லை என்பார்கள். ஊர் இணையத்தளத்தைத் தினமும் பார்க்கிறவர். முதலில் மரண அறிவித்தல், பிறகு பிறந்தநாள் வாழ்த்து, பிறகு மற்றவை. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன். என்னுடைய தொலைபேசி அழைப்புகளை அவர் எடுக்கிறாரில்லை.

சுவரொட்டியில் இருப்பது இதுதான். மேலே கழகத்தின் சின்னம். நடுவில் என் மகன் நிரோஜன், சிவப்புச் சட்டையோடு, கையைக் கட்டிக்கொண்டு. கீழே "மெக்சிக்கோ மைதானங்களை அதிரவைக்கும் எம்மூர்ச் சிங்கம்". அதற்கும் கீழே, வருகிற ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு லா கூர்னெவ் மண்டபத்தில் பெற்றோருக்கான வழிகாட்டல் கூட்டம். "உங்கள் பிள்ளையும் வெளிநாட்டில் தொழில்முறை வீரராகலாம்." தேநீரும் வடையும் உண்டு.

நிரோஜன் மெக்சிக்கோவில் இருப்பது உண்மை. சிவப்புச் சட்டையும் உண்மை. ஆனால் அந்தச் சட்டையின் முதுகில் இலக்கம் இல்லை. மூன்று மாதமாக அவன் ஒரு போட்டியில்கூட விளையாடவில்லை. விளையாட அவனுக்கு அனுமதி இல்லை. போட்டி நாட்களில் பார்வையாளர் படியில் ஏறி நின்று அங்குள்ள கழகத்தின் கமெராவால் படம் பிடிக்கிறான். மைதானம் அதிரவில்லை. கமெராவும் அதிரக்கூடாது என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அனுமதி கிடைக்காததற்குக் காரணம் ஒரு கடிதம். அதில் கையெழுத்து குணம் அண்ணையுடையது. கேட்டு வாங்கியது நான். இரண்டையும் எழுதுகிறேன்.

2.

நான் லாச்சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் றோல்ஸ் சுற்றுகிறேன். காலையில் லா கூர்னெவ்வில் ரயில் ஏறி, கார் து நோர் நிலையத்தில் இறங்கி நடந்து வருவேன். என்னோடு வேலை செய்வது ஜெசிந்தாக்கா, மன்னார்க்காரி. சுவரொட்டியை முதலில் கண்டவ அவதான். தேசிக்காய் வாங்கப் போன இடத்தில் கண்டிருக்கிறா.

"சுகந்தி, உன்ர மகன் மெக்சிக்கோவை அதிர வைக்கிறானாம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லேல்லை நீ."

"அவன் அங்கை படம் பிடிக்கிறான் அக்கா."

"படத்திலையும் நடிக்கிறானோ?"

"இல்லை. மற்றவங்கள் விளையாடுறதைப் படம் பிடிக்கிறான்."

"அப்ப ஆர் அதிர வைக்கிறது?"

"ஒருத்தரும் இல்லை."

அவ ஒரு றோல்ஸை முட்டையில் தோய்த்து றஸ்க் தூளில் பிரட்டினா. "ஒருத்தரும் அதிர வைக்காததுக்கு ஏன் மண்டபம் எடுத்திருக்கிறாங்கள்?"

அவ அடுத்ததைப் பிரட்டிக்கொண்டே சொன்னா. "என்ர தங்கச்சியின்ர மகளும் மனுசனும் அந்தக் கூட்டத்துக்குப் போகினமாம். பெடியனையும் கூட்டிக்கொண்டு. பெடியனுக்குப் பதினாலு வயசு. படிப்பை விட்டுட்டு ஸ்பானிஷ் படிக்கப் போறன் எண்டு நிக்கிறானாம்."

அன்று நான் சுற்றிய றோல்ஸ் பல எண்ணெயில் பிரிந்துவிட்டன. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. பிரிந்ததை எல்லாம் ஒரு தட்டில் போட்டு எனக்கு முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

3.

ஏன் மெக்சிக்கோ என்று ஊரில் இருந்து பலர் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன்.

நிரோஜன் ஏழு வயதில் பரிஸ் புறநகரான பொண்டியில் ஒரு கழகத்தில் சேர்ந்தான். பொண்டியில் எல்லாப் பிள்ளைகளும் உதைபந்து விளையாடும். எல்லாப் பிள்ளைகளும் நன்றாக விளையாடும். அங்கே அதுதான் பிரச்சினை. இவன் இடது பின்களம். ஓடுவான், வெட்டுவான், பந்தைக் கொண்டுபோய் முன்னால் நிற்கிறவனிடம் கொடுப்பான். கோல் போடுகிறவனைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பதினெட்டு வயது முடிய, இங்கே பெரிய கழகங்களின் ஆட்கள் இவன் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். முதலிலும் பெரிதாகப் பார்த்தார்கள் என்று சொல்ல முடியாது.

அவனுடைய பயிற்றுநர் முன்பு மெக்சிக்கோவில் மூன்று வருடம் விளையாடியவர். அவர்தான் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அங்கே முதற்பிரிவுக்குக் கீழே இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று போகிறது. சின்னச் சின்ன நகரங்களில்கூடக் கழகம் இருக்கிறது. வெளிநாட்டுக்காரருக்கு ஒன்றிரண்டு இடம் கொடுப்பார்கள். கொலம்பியாவில் இருந்து, ஆர்ஜென்டினாவில் இருந்து, கமரூனில் இருந்தெல்லாம் பெடியள் வந்து தெரிவுக்கு நிற்பார்கள். தெரிவானால் தங்க ஒரு வீடு, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். ஒரு பருவம் ஒழுங்காக விளையாடி, விளையாடியதற்கு வீடியோவும் இருந்தால், வேறு நாட்டுக் கழகங்கள் பார்க்கும்.

"அங்கையே மேல் பிரிவுக்குப் போகலாமோ?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தாலும் கழகத்தை மேலே ஏற்றுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றார். "கழகம் ஏறாது மதாம். ஆள் ஏறலாம். அதுவும் சில ஆட்கள்தான்."

என் மனுசன் சாமான் விநியோக வான் ஓட்டுகிறவர். அதிகம் கதைக்கமாட்டார். அவர் கேட்டது ஒரே கேள்வி. "மூண்டு நேரமும் சாப்பாடோ?" ஓம் என்றதும் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். நாங்கள் பிரான்சுக்கு வந்தபோது அந்த உறுதிமொழிகூட எங்களுக்கு ஒருவரும் தரவில்லை.

4.

தெரிவுக்கு முதல் அந்தக் கழகம் விளையாட்டு வரலாறு கேட்டது. எங்கெங்கே விளையாடினாய், எத்தனை வருடம். நிரோஜன் கணினியில் அடித்துக்கொண்டு வந்து காட்டினான். பொண்டிக் கழகம், பிறகு இன்னொரு கழகம். அரைப் பக்கம். மிச்ச அரைப் பக்கம் வெள்ளையாக இருந்தது.

அந்த வெள்ளையை எதைக் கொண்டு நிரப்புவது என்றுதான் நான் முதலில் யோசித்தேன். எங்களைப்போல வந்தவர்களுக்கு இது விளங்கும்.

நான் இங்கே வந்து அகதியாகப் பதிந்த காலத்தில், என் அப்பாவை ஆமி பிடித்துக்கொண்டு போன கதையைச் சொல்ல வேண்டியிருந்தது. பிடித்தது ஒருதடவை. நான் ஒருதடவை என்றுதான் சொன்னேன். கதையைப் பிரெஞ்சில் எழுதித் தந்தவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஒருக்காப் பிடிச்சதுக்கெல்லாம் இஞ்சை அகதிக் கார்த் குடுக்கமாட்டாங்கள் பிள்ளை."

மூன்று தடவை என்று எழுதினார். பிறகு ஊரில் இருந்து சமாதான நீதவானிடம் ஒரு கடிதம், கிராம சேவகரிடம் ஒரு கடிதம், பள்ளிக்கூட அதிபரிடம் ஒரு கடிதம் எடுத்தோம். மூன்று கடிதமும் மூன்று தடவை என்றன. கார்த் கிடைத்தது. ஒருதடவை என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்குமா? தெரியாது. ஒருவரும் அப்படிச் சொல்லிப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்த அலுவலகத்துக்குப் போனாலும் நான் வெறும் தாளோடு போவதில்லை. வீட்டுக்கு விண்ணப்பித்தபோது ஐந்து கடிதம் வைத்தேன். மகனைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்க்கக்கூட இரண்டு கடிதம் வைத்தேன். ஒரு கடிதத்தையும் ஒருவரும் வாசித்ததாக நினைவில்லை. ஆனால் அலுவல் நடந்தது.

ஆகவே குணம் அண்ணையிடம் போனேன். இரண்டு வருடத்துக்கு முதல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது நிரோஜன் எங்கள் ஊர் அணிக்கு விளையாடினான். ஒரு சுற்றுப்போட்டி, மூன்று ஆட்டம். அதைக் கடிதமாகத் தரச்சொல்லிக் கேட்டேன். அவரும் எழுதினார். "ஒரு சுற்றுப்போட்டியில் கலந்து சிறப்பித்தார்" என்று எழுதினார். அவர் முதலில் எழுதியது பெரிய பொய் இல்லை.

"அண்ணை, ஒரு சுற்றுப்போட்டி காணாது. ரெண்டு வருசம் எண்டு போடுங்கோ" என்று சொன்னது நான்.

"ரெண்டு வருசம் என்ன, பதிவு செய்யப்பட்ட வீரர் எண்டே போடுறன் பிள்ளை. ஆர் வாசிக்கப் போறாங்கள்?" என்று சொன்னது அவர்.

கழகக் கடிதத்தலைப்பில், தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம் என மூன்று மொழியில், இரண்டு முத்திரையோடு வந்தது. நிரோஜன் பிரெஞ்சுப் பகுதியை வாசித்தான். இது உண்மை இல்லையே அம்மா என்று பிரெஞ்சிலேயே சொன்னான்.

"நீ பேசாமல் இரு. பப்பியே, கடுதாசி விசயம் எல்லாம் உனக்குத் தெரியாது" என்றேன்.

இந்த நாட்டில் பிறந்தவனுக்கு, இருபது வயதுக்காரனுக்கு, பிரிபெக்சர் அலுவலகத்தில் இருந்து எனக்கு வரும் கடிதங்களை எல்லாம் எட்டு வயதிலிருந்து வாசித்துச் சொன்னவனுக்கு, நான் அதைச் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டு அனுப்பினான். அந்த வசனம் என்னுடையது. அதைக் குணம் அண்ணையின் தலையில் போடமாட்டேன்.

ஆனி மாதம் கழக ஒன்றுகூடலில் மேடைக்குக் கூப்பிட்டு நிரோஜனுக்கும் எனக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தக் கடிதத்தை ஒலிவாங்கியில் முழுதாக வாசித்தார்கள். நான் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

5.

ஆடியில் அவன் போனான். தெரிவுக்கு நூற்றுக்கு மேற்பட்ட பெடியள் வந்திருந்தார்களாம். நிறநிறமாக மேற்சட்டை கொடுத்து, ஆளுக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் விளையாட விட்டார்களாம். உயரமான இடம். முதல் நாள் மூச்சு எடுக்க முடியவில்லை என்றான். இரண்டாம் நாளும் முடியவில்லையாம், ஆனால் மற்றவர்களுக்கும் முடியவில்லையாம். நான்கு பேரை எடுத்தார்கள். அதில் வெளிநாட்டுக்காரன் இவன் ஒருவன்தான்.

இதை அழுத்திச் சொல்கிறேன். அந்தத் தெரிவுக்கு ஒரு கடிதமும் உதவவில்லை. அவன் தன் காலால் தெரிவானான்.

எட்டுப் பேர் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். சோளரொட்டியும் அவரைக் கறியும். பிரான்சில் இருந்து வந்தேன் என்று சொன்னால் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்களாம். அவனுக்கு வைத்திருக்கிற பட்டப்பெயர் "இந்து"; இந்தியாக்காரரை அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். நாங்கள் சைவம் என்பதால் அதில் பெரிய பிழை சொல்ல முடியாது என்றேன்.

பிறகு அவனைப் பதிவு செய்யப் போனார்கள். அந்தக் கழகத்தில் பதிவு வேலை பார்ப்பது ஒரு பெண். படித்தவர் என்ற மரியாதைக்கு அவரை எல்லோரும் "லிசென்சியாதா" என்று கூப்பிடுகிறார்கள். அந்த அம்மா கோப்பைத் திறந்து எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். என் வாழ்க்கையில் நான் இணைத்த கடிதம் ஒன்றை முழுதாக வாசித்த முதல் ஆள் அவர்.

வாசித்துவிட்டுச் சொன்னார். ஒரு நாட்டில் பதிவான வீரர் இன்னொரு நாட்டுக்கு மாறும்போது, கடைசியாக விளையாடிய நாட்டின் உதைபந்தாட்டத் தலைமையகம் ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். நீ கடைசியாகப் பதிவாகி விளையாடியது பிரான்சில் இல்லை, இந்தக் கடிதத்தின்படி இலங்கையில். ஆகவே கொழும்புக்கு எழுதினார்கள். கொழும்பு மரியாதையாக இரண்டு வரியில் பதில் போட்டது. அப்படி ஒரு வீரர் எங்கள் பதிவில் இல்லை.

கடிதம் பதிந்தவன் என்கிறது. நாடு பதியவில்லை என்கிறது. லிசென்சியாதா கோப்பை மூடி வைத்துவிட்டார். அவர் கேட்பது ஒரு பக்கம். முதல் கடிதம் எழுதிய அதே கழகம், அதே முத்திரையோடு, நிரோஜன் எங்களிடம் ஒருபோதும் பதிவான வீரராக இருக்கவில்லை என்று எழுத வேண்டும். அது வந்தால் பிரான்சுக்கு எழுதிச் சான்றிதழ் எடுத்துவிடுவார். அது ஒரு கிழமை வேலை என்றார்.

பதிவு இந்த மாதக் கடைசியில் மூடுகிறது. தை மாதம் அவனுடைய கடவுச்சீட்டில் குத்திய ஆறு மாதம் முடிகிறது. விளையாடாத ஒருவனுக்குக் கழகம் வேலை அனுமதி எடுத்துக் கொடுக்காது. அதன் பிறகு திரும்பி வர வேண்டியதுதான். அவன் பிடித்த வீடியோ நிறைய இருக்கும். அவன் இருக்கிற வீடியோ ஒன்றுகூட இருக்காது.

6.

ஒரு பக்கம்தானே, குணம் அண்ணை ஏன் தருகிறாரில்லை? இதற்கு ஊர்க்காரருக்கு விளக்கம் தேவையில்லை. உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தச் சுற்றுப்போட்டிக்கு ஒரு விதி இருந்தது. வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் விளையாடக்கூடாது. அதற்கு முந்திய வருடம் பக்கத்து ஊர் சுவிசில் இருந்து வந்த ஒரு பெடியனை இறக்கி எங்களை வென்றது. அந்தக் கோபத்தில் விதியைக் கொண்டுவந்ததே எங்கள் கழகம்தான்.

எங்கள் இடது பின்களம் மதன், என் தம்பியின் மகன். போட்டிக்கு இரண்டு நாள் முதல் பயிற்சியில் கால் பிரண்டுவிட்டது. பெயர்ப்பட்டியல் ஏற்கனவே கொடுத்தாயிற்று. குணம் அண்ணையும் அப்போது விடுமுறையில் ஊரில் நின்றார். "நிரோவை இறக்குங்கோ, மதன்ர பேரிலை. மச்சான்மார்தானே, ஒரே முகவெட்டு" என்றார்.

மூன்று ஆட்டமும் நிரோஜன் மதனாக விளையாடினான். இறுதி ஆட்டத்தில் அறிவிப்பாளர் "மதன், மதன், அபாரம் மதன்!" என்று கத்திக்கொண்டிருந்தார். மதன் காலில் கட்டோடு, கையில் சோடாப் போத்தலோடு, அந்த அறிவிப்பாளருக்குப் பக்கத்திலேயே நின்றான். ஆட்டத்தில் கூட நின்ற பெடியள் மதன் என்று கூப்பிட்டால் இவன் திரும்பவில்லை. ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றோம். சிறந்த பின்கள வீரருக்கான பதக்கத்தை வாங்க மதன் நொண்டி நொண்டி மேடைக்குப் போனான். ஆட்டத்தில் அடிபட்டுவிட்டது என்று நினைத்து வெளியூர்ச் சனம் இன்னும் பலமாகக் கைதட்டியது. நாங்களும் தட்டினோம். நான் ஒரு கையால் தொலைபேசியில் படம் பிடித்ததால் மடியில் தட்டினேன்.

அன்று வென்ற கோப்பை ஊர் வாசிகசாலைக் கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது.

பக்கத்து ஊருக்குச் சந்தேகம் வந்தது. பரிஸ் நகரிலும் அவர்களுக்குக் கிளை இருக்கிறது. அவர்கள் கேட்டபோது, நிரோஜன் மைதானத்தில் கால்கூட வைக்கவில்லை என்று குணம் அண்ணை சொன்னார். மெக்சிக்கோவுக்கு இரண்டு வருடம் விளையாடினான் என்று எழுதினார். பக்கத்து ஊருக்கு ஒரு நிமிடம்கூட விளையாடவில்லை என்று சொன்னார். இப்போது உண்மையை எழுதினால் கோப்பை போகும். கால் வைக்கவில்லை என்று எழுதினால் பொன்னாடையும் சுவரொட்டியும் போகும். எதையும் எழுதாமல் இருந்தால் என் மகனின் பருவம் மட்டும்தான் போகும். அவர் அதைத் தெரிவு செய்திருக்கிறார்.

7.

போன வெள்ளிக்கிழமை பஜோல் தெருக் கோயில் வாசலில் அவரைப் பிடித்தேன். வேட்டியோடு குனிந்து சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார். ஓட வழியில்லை.

"அண்ணை."

"ஆ, பிள்ளை! சுகமே? சிங்கம் எப்பிடி?"

"சிங்கம் கமெரா பிடிக்குது. கடிதம் எங்கை?"

"கமிட்டியிலை கதைக்க வேணும் பிள்ளை."

"முதல் கடிதத்தைக் கமிட்டியிலை கதைச்சோ தந்தனியள்?"

"அது நல்ல கடிதம். நல்ல கடிதத்துக்கு ஏன் கமிட்டி?"

"ஒரு வரி அண்ணை. பதிவு செய்யப்படேல்லை எண்டு."

"அந்த ஒரு வரி வெளியிலை வந்தால், பதியாதவன் ஆற்றை பேரிலை விளையாடினவன் எண்டு பக்கத்து ஊராங்கள் கேட்டு, கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிடுவாங்கள்."

"கொண்டு போகட்டும்."

"நீ லேசாச் சொல்லுவாய். அது ஊர் மானம்."

"ஊர் மானத்துக்கு என்ர பிள்ளை ஏன் அங்கை வெளியிலை வாங்கிலை குந்திக்கொண்டு இருக்க வேணும்?"

"வாங்கிலை இல்லையெல்லே. படம் பிடிக்கிறான் எண்டுதானே சொன்னனீ?"

அவர் குரலைத் தணித்தார். "இருபது வயசுதானே பிள்ளை. அடுத்த வருசம் பாக்கலாம். ஏன் அந்தரப்படுறாய்?"

இருபது வயதுதானே என்கிறார். மெக்சிக்கோவின் கீழ்ப்பிரிவுகளில் இருபது வயது என்றால் பெடியன் இல்லை. இவன் நிற்க வேண்டிய இடத்தில் இப்போது நிற்கிறவனுக்கு வயது பதினேழு.

"எனக்குக் கடிதம் வேணும் அண்ணை. இல்லாட்டி நான் நடந்ததை எழுதுவன்."

அப்போது அவருக்கு ஒரு சப்பாத்து கிடைத்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார். "எழுது. ரெண்டு வருசம் எண்டு போடச் சொன்னது நீதானே. அதையும் நான் சனத்துக்குச் சொல்லவோ?"

மற்றச் சப்பாத்தையும் எடுத்துக்கொண்டு, அதைப் போடாமலே போய்விட்டார்.

அதனால்தான் மேலே நாலாம் பகுதியில் நானே அதைச் சொல்லிவிட்டேன். இனி அவரிடம் என்னைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

8.

நிரோஜன் முந்தி நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லுவான். இப்போது ஸ்பானிஷில் தொடங்கி, பிரெஞ்சுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வருகிறான். அவன் வந்து சேரும்வரை நான் பொறுத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கதைத்தான். லிசென்சியாதாவிடம் தானே போய் நடந்ததைச் சொன்னானாம். அந்த அம்மா கேட்டுவிட்டு, நான் உன்னை நம்புகிறேன், ஆனால் நம்பிக்கையைக் கோப்பில் வைக்க முடியாது என்றாராம். போட்டிக்குப் போக வேண்டும், கமெராவுக்கு மின்கலம் ஏற்ற வேண்டும் என்றான். தொலைபேசியை வைக்கப் போனவன் வைக்கவில்லை.

"அம்மா, ஊரிலை நான் என்ர பேரிலை விளையாடேல்லை. இஞ்சை என்ர பேரிலை விளையாட விடுறாங்களில்லை. அப்ப நான் என்ர பேரிலை எங்கை விளையாடுறது?"

முழுவதும் தமிழில் கேட்டான். இடையில் ஒரு பிரெஞ்சுச் சொல் வரவில்லை. எத்தனை வருடமாக அவன் என்னோடு இவ்வளவு நீளமாகத் தமிழில் கதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நான் அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று சொல்லி எழுந்து போனேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை.

மறுநாள் ஊருக்கு அழைத்து மதனிடம் கேட்டேன். இதை எழுதினால் உனக்கும் கேடு, பதக்கம் உன் பேரில் இருக்கிறது என்றேன்.

"எழுதுங்கோ மாமி. மெடல் அலுமாரியிலை சும்மாதான் கிடக்கு. கேட்டால் குடுப்பன். நான் அண்டைக்குக் குடிச்சது சோடா மட்டும்தான் எண்டதையும் எழுதிவிடுங்கோ. மனுசி இப்பவும் நம்புறாளில்லை."

எழுதிவிட்டேன்.

9.

ஜெசிந்தாக்காவின் தங்கச்சியின் மகளுக்கும், அந்தக் கூட்டத்துக்குப் போகிற மற்றப் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மெக்சிக்கோ பிழையான இடம் இல்லை. மிகவும் ஒடுங்கிய வழி. நூறு பேர் வந்தால் நான்கு பேர் போகலாம், அந்த நான்கு பேரும் எங்கே போய்ச் சேருவார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்த வழியில் இதுவரை எங்களுக்கு ஒருவரும் பொய் சொல்லவில்லை. பயிற்றுநர் சொல்லவில்லை, தெரிவு செய்தவர்கள் சொல்லவில்லை, லிசென்சியாதா சொல்லவில்லை. பொய் இங்கேயிருந்து போனது, மூன்று மொழியில், இரண்டு முத்திரையோடு. உங்கள் பிள்ளையை அனுப்புவதென்றால் அரைப் பக்கத்தோடு அனுப்புங்கள். மிச்சம் வெள்ளையாக இருக்கட்டும்.

குணம் அண்ணை, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நான் மண்டபத்துக்கு வருகிறேன். என் மனுசனும் வருகிறார். அன்றைக்கு வேலைக்கு லீவு சொல்லிவிட்டார். நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். அந்த ஒரு பக்கத்தை நிரோஜன் ஸ்பானிஷிலும் பிரெஞ்சிலும் எழுதி அனுப்பியிருக்கிறான். அதில் உள்ளது உண்மை மட்டும்தான். பதிவு செய்யப்படவில்லை, விருந்தாளியாக மூன்று ஆட்டம் விளையாடினான். உங்கள் கையெழுத்தும் முத்திரையும்தான் மிச்சம். முத்திரை எப்போதும் உங்கள் காரில் இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குப் போர்த்திய பொன்னாடையையும் மடித்துக் கொண்டுவருகிறேன். இறுதி ஆட்டத்தைப் படம் பிடித்த தொலைபேசியும் என்னிடம் இருக்கிறது. மிரட்டுவதற்குச் சொல்லவில்லை. இருக்கிறது என்று சொல்கிறேன்.

கையெழுத்து வைக்க முதல் எனக்கு ஒரு பதில் வேண்டும். கோயில் வாசலில் வேண்டாம், தொலைபேசியில் வேண்டாம், கமிட்டியிலும் வேண்டாம். தேநீருக்கு முதல், அந்தப் பதினாலு வயதுப் பெடியனும் அவனுடைய அப்பா அம்மாவும் கேட்கத்தக்கதாக, பக்கத்து ஊர்க்காரர் வந்திருந்தால் அவர்களும் கேட்கத்தக்கதாக, ஆனி மாதம் கடிதம் வாசித்தீர்களே அதே ஒலிவாங்கியில் சொல்லுங்கள்.

அந்த இறுதி ஆட்டத்தில் எங்கள் ஊருக்காக இடது பக்கம் நின்றது யார்?

மதன் என்றால் மதன் என்று சொல்லுங்கள். மதனுக்கு இப்போது கால் சுகம், அவனை மெக்சிக்கோவுக்கு அனுப்பிவிடுகிறேன். இல்லையென்றால் என் மகனின் பெயரை, முழுப் பெயரையும், ஒருதடவை சொல்லுங்கள்.